பனிமூட்டத்தில் கப்பல் ஊதும் ஒலி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது?

கேள்வி இதுதான்: பனிமூட்டத்தில் கப்பல்கள் விட்டு விட்டு ஹார்ன் ஊதுகின்றனவே, ஒவ்வொரு ஊதலுக்கும் தனி அர்த்தம் உண்டா? ரேடாரும், கப்பல்கள் தம் பெயரையும் இடத்தையும் தானாக ஒலிபரப்பும் ஏஐஎஸ் கருவியும் வந்த பிறகும் இது எதற்கு? சின்னப் படகில் போகிறவர் அந்தச் சத்தத்தைக் கேட்டால் என்ன செய்ய வேண்டும்?

வணிகக் கப்பல்களின் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், சில ஆண்டுகள் முறை வைத்துக் காவல் நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்தையும் விதிப்புத்தகத்தையும் சேர்த்து வைத்துப் பதில் சொல்கிறேன்.

அர்த்தம் உண்டு, மிகத் துல்லியமான அர்த்தம். ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒலி ஒரு கப்பல் என்ன நிலையில் இருக்கிறது என்று சொல்லும். அது எங்கே இருக்கிறது என்று சொல்லாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் பெரிய பெரிய விபத்துகள் நடந்திருக்கின்றன. விதிகள் எழுதப்பட்டிருக்கும் விதமே இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

உலகக் கடல்கள் முழுவதற்கும் பொதுவானவை 1972-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகள். நடைமுறைக்கு வந்தது 1977 ஜூலை 15-ல். அதில் 35-ஆவது விதி முழுக்க இந்த ஒலிக் குறிகளைப் பற்றியதுதான். பார்வை குறைவது என்றால் பனிமூட்டம் மட்டுமில்லை. பனிப்பொழிவு, அடைமழை, மணற்புயல், இவை போன்ற எதுவானாலும் சேரும். பகலானாலும் இரவானாலும் ஒன்றுதான். இன்னொன்று, பனிக்குள் இருக்கும்போது மட்டுமல்ல, பனிக்கு அருகில் இருக்கும்போதும் ஊத வேண்டும் என்கிறது விதி. பலர் தவறவிடும் சொல் இந்த 'அருகில்'. உங்கள் தலைக்கு மேல் வெயிலடிக்கலாம். ஒரு மைல் தள்ளி நிற்கும் வெண்திரைக்குள் இருக்கும் படகுக்கு உங்களைத் தெரியாது.

ஊதலில் இரண்டே அளவுகள். ஒன்று சுமார் 1 விநாடி, மற்றது 4 முதல் 6 விநாடி. நமக்கு இதை நினைவில் வைப்பது சுலபம்: குறில், நெடில். எழுத்தில் நெடிலுக்கு இரண்டு மாத்திரை. கடலில் நெடில் இன்னும் நீளம், அவ்வளவுதான். இனி அப்படியே அழைக்கிறேன்.

இயந்திரத்தால் ஓடும் கப்பல் நகர்ந்துகொண்டிருந்தால் ஒரு நெடில். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறையாவது ஊத வேண்டும். அதே கப்பல் நங்கூரம் போடாமல், இயந்திரத்தை நிறுத்தி, தண்ணீரில் அசையாமல் மிதந்தால் இரண்டு நெடில், நடுவே சுமார் 2 விநாடி இடைவெளி. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நங்கூரமிடாத, கரையில் கட்டாத, தரைதட்டாத எந்தக் கப்பலும் விதிப்படி 'பயணத்தில்' இருப்பதுதான், வேகம் பூஜ்யமாக இருந்தாலும் சரி. ஆனால் இயந்திரத்தை நிறுத்தியவுடனே இரண்டு நெடிலுக்கு மாறிவிடக் கூடாது. பெரிய கப்பல் இயந்திரம் நின்ற பிறகும் வெகுதூரம் வழுக்கிக்கொண்டே போகும். தண்ணீரை ஒட்டி நகர்வது உண்மையிலேயே நின்ற பிறகுதான் அந்தக் குறியைக் கொடுக்கலாம். முன்கூட்டியே கொடுத்தால் அது பொய்ச் செய்தி.

அடுத்தது ஒரு நெடில், இரண்டு குறில். இது ஒரு பெரிய கூட்டத்துக்குப் பொதுவான குறி: சுக்கான் பழுதாகியோ இயந்திரம் பழுதாகியோ கட்டுப்பாடு இழந்தவை, கேபிள் பதிப்பது, தூர் வாருவது போன்ற வேலையால் திரும்ப முடியாதவை, ஆழம் போதாமல் ஒரே வழியில் மாட்டியவை, பாய்மரக் கப்பல்கள், மீன் பிடித்துக்கொண்டிருப்பவை, இன்னொன்றை இழுப்பவை அல்லது தள்ளுபவை. மோர்ஸ் குறியீட்டில் இது டி எழுத்து. சர்வதேசக் குறியீட்டுப் புத்தகத்தில் அந்த எழுத்துக்கு அர்த்தம், 'என்னை விட்டு விலகி இரு, எனக்குத் திரும்புவது சிரமம்' என்பது. எவ்வளவு பொருத்தம் பாருங்கள். இத்தனை விதக் கப்பல்களை ஒரே குறியில் அடைத்தது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகவே படுகிறது. 1972-க்கு முந்தைய விதிகளில் பாய்மரக் கப்பல் காற்று வலப்பக்கம் வந்தால் ஒரு ஊதல், இடப்பக்கம் வந்தால் இரண்டு, பின்னாலிருந்து வந்தால் மூன்று என்று ஊத வேண்டியிருந்தது. பனிக்குள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பவனுக்கு அந்த விவரம் எதற்கு? எதிரே இருப்பது எளிதில் ஒதுங்க முடியாத ஒன்று என்று தெரிந்தால் போதும்.

இழுக்கப்படும் கப்பலில் ஆள் இருந்தால் அது ஒரு நெடில், மூன்று குறில் ஊத வேண்டும். வரிசையாகப் பல இழுக்கப்பட்டால் கடைசியில் வருவது ஊதும். முடிந்தவரை இழுவைக் கப்பல் ஊதி முடித்த உடனேயே இது ஒலிக்க வேண்டும். அடுத்தடுத்து இந்த இரண்டும் கேட்டால், இரண்டுக்கும் நடுவே தண்ணீரில் ஒரு நீண்ட கயிறு கிடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். நடுவில் புகுந்து போகலாம் என்று மட்டும் நினைக்கவே கூடாது.

நங்கூரமிட்ட கப்பல் மணி அடிக்கும். நிமிடத்துக்கு ஒரு தடவையாவது, சுமார் 5 விநாடி, வேகமாக. 100 மீட்டரோ அதற்கு மேலோ நீளமுள்ளது என்றால் அணியத்தில், அதாவது முன்முனையில், மணியும், அது நின்ற உடனே பின்பக்கத்தில் சேகண்டியும் 5 விநாடி ஒலிக்கும். மணி ஒரு முனை, சேகண்டி மறு முனை. இந்த ஏற்பாட்டில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஒரு கப்பலின் நீளத்தையே காதால் உணர வைக்கிறார்கள். ஓடும் கப்பலுக்கு 2 நிமிடம், நங்கூரமிட்டதற்கு 1 நிமிடம் என்ற வித்தியாசத்தையும் கவனியுங்கள். நங்கூரத்தில் நிற்பது சட்டென்று ஒதுங்க முடியாது. வருகிறவன் தெரிந்துகொண்டு விலகினால்தான் உண்டு. அப்படியும் யாரோ நெருங்கி வருவது போலத் தோன்றினால் மணியோடு சேர்த்து ஹார்னில் குறில், நெடில், குறில் என்று ஊதிக் கூடுதலாக எச்சரிக்கலாம்.

தரைதட்டிய கப்பல் நங்கூரமிட்டதைப் போலவே மணி அடிக்கும். ஆனால் அந்த வேக மணிக்கு முன்னால் மூன்று தனித்தனி அடி, பின்னால் மூன்று தனித்தனி அடி. கப்பலுக்குத் துறைமுக வழிகாட்டும் பைலட்டை ஏற்றி இறக்கும் படகு, வேலையில் இருக்கும்போது தன் வழக்கமான குறியோடு நான்கு குறிலையும் சேர்த்து ஊதலாம்.

20 மீட்டருக்குக் குறைந்தவற்றுக்கு மணி கட்டாயமில்லை. 12 மீட்டருக்குக் குறைந்தவற்றுக்கு இந்தக் குறிகள் எதுவுமே கட்டாயமில்லை. ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறையாவது ஏதாவது ஒரு வகையில் நன்றாகக் கேட்கும்படி சத்தம் எழுப்பியே ஆக வேண்டும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். ஒரு குறில் என்றால் 'வலப்பக்கம் திரும்புகிறேன்', இரண்டு என்றால் 'இடப்பக்கம்', மூன்று என்றால் 'இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டுகிறேன்' என்று பலர் படித்திருப்பார்கள். சரிதான், ஆனால் அவை ஒன்றையொன்று கண்ணால் பார்க்கும் கப்பல்களுக்கு மட்டும். பனிக்குள் கண்ணில் படாத கப்பலை நோக்கி அவற்றை ஊதக் கூடாது. 'வலப்பக்கம் திரும்புகிறேன்' என்று சொன்னால், நீங்கள் எந்தப் பக்கம் பார்த்தபடி நிற்கிறீர்கள் என்றே தெரியாதவருக்கு அதனால் என்ன பயன்?

1914 மே 29 அதிகாலை. கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் எம்ப்ரெஸ் ஆஃப் அயர்லாந்து என்ற பயணிகள் கப்பலும், ஸ்டோர்ஸ்டாட் என்ற நார்வே நாட்டு நிலக்கரிக் கப்பலும் எதிரெதிரே வந்தன. தெளிவான இரவில் ஒன்றின் விளக்கை மற்றது பார்த்தது. பிறகு இரண்டுக்கும் நடுவே பனி புகுந்தது. எம்ப்ரெஸ் மூன்று குறில் ஊதியது, இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டுகிறேன் என்று. பிறகு நின்றுவிட்டேன் என்று இரண்டு நெடில். ஸ்டோர்ஸ்டாட்டிலிருந்து பதிலுக்கு நெடில் கேட்டது. ஊதல்கள் இரு பக்கமும் கேட்டுக்கொண்டேதான் இருந்தன. ஆனால் மற்றவர் தனக்கு எந்தப் பக்கமாகக் கடக்கிறார் என்பதில் இரண்டு பிரிட்ஜிலும் இரண்டு வேறு எண்ணங்கள். ஸ்டோர்ஸ்டாட் பனிக்குள் திசை மாறியது, எம்ப்ரெஸின் பக்கவாட்டில் இடித்தது. 14 நிமிடத்தில் எம்ப்ரெஸ் மூழ்கியது. இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். ஒலி கேட்கவில்லை என்று யாரும் அன்று சொல்லவில்லை. கேட்டதை வைத்து, அது சொல்லாத ஒன்றை ஊகித்தார்கள்.

அந்த ஊகம் ஏன் இவ்வளவு எளிதாகத் தப்பிப் போகிறது? பெரிய கப்பலின் ஹார்ன் அடித்தொண்டைக் குரல். 200 மீட்டரோ அதற்கு மேலோ நீளமானால் 70 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை, 75 முதல் 200 மீட்டர் வரையிலானவற்றுக்கு 130 முதல் 350, அதற்கும் சிறியவற்றுக்கு 250 முதல் 700. குரலின் கனத்தை வைத்தே கப்பலின் அளவை ஓரளவு சொல்லிவிடலாம், அது நல்ல விஷயம். ஆனால் 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்று மீட்டருக்கு மேல். அவ்வளவு நீள அலைக்கு மனிதத் தலை ஒரு தடையே இல்லை. இரண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒரே பலத்தில் வந்து சேரும். மூளைக்குத் திசை காட்ட மிஞ்சுவது, ஒரு காதுக்கும் மறு காதுக்கும் இடையிலான மிகச் சிறிய நேர வித்தியாசம்தான். கன்டெய்னர் அடுக்கிலும் புகைபோக்கியிலும் பட்டுத் திரும்பும் எதிரொலி அதையும் கலைத்துவிடும். பிரிட்ஜின் ஒரு ஓரத்தில் நின்றவர் வலப்பக்கம் என்பார், மறு ஓரத்தில் நின்றவர் நேர் எதிரே என்பார். இருவரும் நல்ல காதுள்ளவர்கள்தான். இதை நானே பார்த்திருக்கிறேன்.

தூரமும் அப்படித்தான். அயர்லாந்தில் பிறந்த இயற்பியலாளர் ஜான் டின்டால் 1873-ல் இங்கிலாந்தின் டோவர் அருகே சவுத் ஃபோர்லாந்தில் ஹார்ன்களையும் பீரங்கிகளையும் வைத்து நீண்ட சோதனை செய்தார். பனிதான் சத்தத்தை விழுங்குகிறது என்று அதுவரை பலர் நினைத்திருந்தார்கள். அவர் கண்டது தலைகீழ். கண்ணாடி போலத் தெளிவான சில நாட்களில் சில மைலுக்குள்ளேயே சத்தம் செத்துப்போனது. அடர்ந்த பனியில் அதைவிடத் தூரம் கேட்டது. காற்றின் வேகமும் வெப்பமும் உயரத்துக்கு உயரம் மாறும்போது ஒலி வளைகிறது என்று இன்று நமக்குத் தெரியும். மேல்நோக்கி வளைந்தால் ஒரு பகுதியில் அமைதி, இன்னும் தள்ளிப் போனால் மறுபடியும் சத்தம். ஆகவே மெலிதாகக் கேட்டால் தூரத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒன்றுமே கேட்கவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, எவ்வளவு தூரம் கேட்க வேண்டும் என்று விதியில் கணக்கு உண்டு. 200 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலின் ஹார்ன் 2 கடல் மைல், 75 முதல் 200 வரை 1.5, 20 முதல் 75 வரை 1, அதற்கும் சிறியது 0.5. இந்த எண்களை அப்படியே நம்பிவிட வேண்டாம். காற்று அசையாத நேரத்தில், கேட்கும் கப்பலில் சராசரி இரைச்சல் இருக்கும்போது, நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்புடன் கேட்கும் தூரம் என்றுதான் விதியே சொல்கிறது. இனி ஒரு கணக்கு போடுங்கள். 15 மீட்டர் மீன்பிடிப் படகு, ஹார்ன் அரை மைல் கேட்கும். எதிரே ஒரு கப்பல் 15 நாட் வேகத்தில் வருகிறது, அதாவது மணிக்கு 15 கடல் மைல், நிமிடத்துக்குக் கால் மைல். படகு ஊதிய அந்தக் கணத்தில் கப்பல் கேட்கும் எல்லைக்குச் சற்று வெளியே இருந்தது என்று வையுங்கள். அடுத்த ஊதல் இரண்டு நிமிடம் கழித்து. அதற்குள் கப்பல் அந்த அரை மைலையும் தாண்டிப் படகின் மேலேயே வந்து நிற்கும். 'இரண்டு நிமிடத்துக்கு மிகாமல்' என்று விதி சொல்வது கடைசி வரம்பு. போக்குவரத்து மிகுந்த இடத்தில் அதைவிட அடிக்கடி ஊதுவதே புத்திசாலித்தனம்.

கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை 19-ஆவது விதி சொல்கிறது. மோதும் ஆபத்து இல்லை என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய, உங்களுக்கு முன்பக்கமாகக் கேட்கிறது என்று தோன்றும் பனி ஒலிக்கு ஒரே பதில்தான். திசை தவறாமல் கப்பலை வைத்திருக்கப் போதுமான குறைந்தபட்ச வேகத்துக்கு இறங்குங்கள். தேவைப்பட்டால் முழுவதுமாக நின்றுவிடுங்கள். ஆபத்து நீங்கும் வரை மிகுந்த எச்சரிக்கையோடு செல்லுங்கள். 'தோன்றும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். விதியை எழுதியவர்களுக்கே காதின் மேல் நம்பிக்கை இல்லை. அதனால்தான் ஒலியைக் கேட்டுத் திரும்பு என்று எங்கேயும் எழுதவில்லை, வேகத்தைக் குறை என்றுதான் எழுதினார்கள். எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாதபோது திரும்புவது சூதாட்டம். வேகத்தைக் குறைப்பது எந்தப் பக்கத்தில் இருந்தாலும் உதவும்.

இன்னொன்று. கண்ணில் படாத கப்பல்களுக்கு நடுவே 'எனக்கு வழிவிட வேண்டியவன் நீ' என்ற கணக்கே கிடையாது. ஒரு நெடில் இரண்டு குறில் ஊதுகிற பாய்மரக் கப்பலுக்கும் எந்தச் சலுகையும் இல்லை. எல்லோருக்கும் ஒரே கடமை.

இப்போது ரேடார் கேள்விக்கு வருகிறேன். ஒலி சொல்லாத பாதியை ரேடார் தருகிறது, அதாவது எங்கே இருக்கிறது என்பதை. அடுத்தடுத்துக் குறித்துப் பார்த்தால் எந்தப் பக்கம் போகிறது என்பதையும் தரும். ஆகவே ரேடாரை வைத்துத் திரும்பலாம், ஒலியை வைத்துத் திரும்பக் கூடாது. ஆனால் பனியோடு அலையும் மழையும் சேர்ந்துவிட்டால், மரத்தாலோ ஃபைபராலோ ஆன சின்னப் படகு திரையில் ஒரு புள்ளியாகக்கூட விழாமல் போகலாம். ஏஐஎஸ் கருவி வைத்திராத படகு அதில் வராது. வைத்திருப்பவரும் தான் மீன் பிடிக்கிறேனா, நங்கூரமிட்டிருக்கிறேனா என்பதைக் கையால் மாற்ற மறந்திருப்பார். ஹார்ன் ஒலியைக் கேட்க எந்தக் கருவியும் வேண்டாம். அதனால்தான் கண்ணாலும் காதாலும் காவல் காக்க வேண்டும் என்று 5-ஆவது விதி இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. முழுக்க மூடிய பிரிட்ஜ் உள்ள கப்பல்களில் வெளிச் சத்தத்தை மைக் வழியாக உள்ளே கொண்டுவரும் கருவி வைக்க வேண்டும் என்பதும் இதற்காகத்தான்.

ரேடார் மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு 1956 ஜூலை 25 இரவைச் சொல்வேன். அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அருகே ஆன்ட்ரியா டோரியா என்ற இத்தாலியப் பயணிகள் கப்பல் அடர்ந்த பனிக்குள் ஹார்ன் ஊதியபடி, சுமார் 22 நாட் வேகத்தில் வந்தது. ஸ்டாக்ஹோம் என்ற ஸ்வீடன் நாட்டுக் கப்பல் பனிக்கு வெளியே, தெளிந்த வானத்தின் கீழ், ஊதாமல் வந்தது. இரண்டுமே மற்றதை ரேடாரில் பார்த்தன. பார்த்ததை இரண்டும் வேறு வேறு விதமாகப் புரிந்துகொண்டன. மோதலில் 51 பேர் இறந்தார்கள், ஆன்ட்ரியா டோரியா மறுநாள் காலை மூழ்கியது. பனிக்கு 'அருகில்' என்ற சொல்லை மேலே அழுத்திச் சொன்னேனே, அது இந்த இரவை நினைத்துத்தான்.

பிரிட்ஜில் நிற்பவர்களுக்குச் சில பழக்கங்களைச் சொல்லலாம். தானியங்கி ஹார்ன் வைத்திருந்தால், அதன் இடைவெளியை அவ்வப்போது மாற்றுங்கள். எதிரே வருகிறவரும் அதே இரண்டு நிமிடத்தில் வைத்து, இரண்டும் ஒரே நேரத்தில் ஊதினால், நீங்கள் அவரைக் கேட்கவே போவதில்லை. ஊதி முடித்த பின் வரும் அமைதிதான் கேட்கும் நேரம். அப்போது யாரும் பேசக் கூடாது. கதவைத் திறந்து வையுங்கள், ஆளை வெளியே நிறுத்துங்கள். முடிந்தால் அணியத்திலும் ஒருவரை நிறுத்துங்கள். அங்கே இயந்திர இரைச்சல் குறைவு. முதன்முறை என்னை அங்கே அனுப்பியபோது எனக்கு அது தண்டனை மாதிரி இருந்தது. பத்து நிமிடம் கழித்து ஒரு நங்கூர மணி கேட்டது. பிரிட்ஜுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அங்கே யாருக்கும் அது கேட்டிருக்கவில்லை.

சின்னப் படகில் போகிறவரா நீங்கள்? கையால் அழுத்தும் காற்று ஹார்ன் ஒன்று, அது தீர்ந்தால் வாயால் ஊத ஒரு விசில், இரண்டும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். உலோகத்தாலான ரேடார் எதிரொலிப்பானை முடிந்தவரை உயரத்தில் கட்டுங்கள். பனி வருவது தெரிந்த உடனே, அது சூழ்வதற்குள், நீங்கள் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், எல்லோரும் மிதவைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பெரிய கப்பல்கள் போகும் வழியை விட்டு, அவை வர முடியாத ஆழம் குறைந்த பக்கம் போக முடிந்தால் போங்கள். அங்கே நங்கூரமிட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை சத்தம் எழுப்பிக்கொண்டு காத்திருப்பது எந்தத் துணிச்சலைவிடவும் மேல். ஓடிக்கொண்டிருந்தால் சில நிமிடங்களுக்கு ஒரு முறை இயந்திரத்தை முழுதாக நிறுத்துங்கள், ஒரு நிமிடமாவது காது கொடுத்துக் கேளுங்கள். உங்கள் இயந்திரம்தான் உங்கள் காதை முதலில் அடைக்கிறது.

அப்படி நிறுத்தியிருக்கும்போது முன்னால் எங்கோ ஒரு கனத்த நெடில் கேட்டால், உடனே திருப்ப வேண்டாம். உங்கள் ஹார்னை ஊதுங்கள், கைக்கடிகாரத்தைப் பாருங்கள், அடுத்த நெடிலுக்குக் காத்திருங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சத்தம் கூடுகிறதா, அருகே கப்பல் நீரைக் கிழிக்கும் இரைச்சல் கேட்கிறதா என்று கவனியுங்கள். கப்பல்களோடு பேசும் வி.எச்.எஃப். வானொலி இருந்தால், எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும் 16-ஆவது சேனலில் உங்கள் இடத்தையும், நீங்கள் நின்றுவிட்டதையும் சொல்லுங்கள். இயந்திரம் உடனே இயங்கத் தயாராக இருக்கட்டும். கப்பல் கண்ணில் பட்ட பிறகு எந்தப் பக்கம் விலகுவது என்பதை அப்போது கண்ணே சொல்லும்.